வெப் சர்வர் விழுந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பதும் கோர் டம்ப் எடுப்பதும்

சர்வர் விழுந்தது என்று தகவல் வந்ததும் எல்லார் கையும் ரீஸ்டார்ட் கட்டளைக்குத்தான் போகும். தளம் எழுந்துவிடும், போன் அடிப்பது நிற்கும். கூடவே, ஏன் விழுந்தது என்பதற்கான தடயமும் போய்விடும். அடுத்த முறை விழும்போதும் கையில் ஒன்றும் இருக்காது.

லினக்ஸில் ஓடும் வெப் சர்வர்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், அவற்றுக்குப் பின்னால் பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் மூன்றையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மூன்றிலும் ஒரு மாஸ்டர் ப்ராசஸ் இருக்கும், வேலையைச் செய்வது அது உருவாக்கும் சைல்ட் (என்ஜின்எக்ஸில் வொர்க்கர்) ப்ராசஸ்கள். பெரும்பகுதி கோர் டம்ப்பை வரவழைப்பதைப் பற்றியே போகும். ப்ராசஸ் சாகும் நொடியில் அதன் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு கோப்பாக எழுதி வைப்பதுதான் கோர் டம்ப். அது கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கே காரணம் தெரிந்துவிடும். வராமல் அடம்பிடிக்கும் கோர்தான் ஆளை அலைக்கழிக்கும்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தளம் போய்ப்போய் வருகிறது, காரணம் தெரியவில்லை

முதலில் தேட வேண்டியது ஒரு சிக்னல் எண்ணை: ப்ராசஸ் எதனால் செத்தது என்று சொல்லும் எண் அது. அப்பாச்சியின் எரர் லாகில் "சைல்ட் பிஐடி இன்னது, எக்ஸிட் சிக்னல் செக்மென்டேஷன் ஃபால்ட் (11)" என்று ஒரு வரி இருக்கும். என்ஜின்எக்ஸ் என்றால் "வொர்க்கர் ப்ராசஸ் இன்னது எக்ஸிட்டட் ஆன் சிக்னல் 11". எஃப்பிஎம் தன் சொந்த லாகில் ஏறக்குறைய இதையே எழுதும். கன்டெய்னரில் ஓடினால் எக்ஸிட் கோடைப் பார்த்து 128-ஐக் கழியுங்கள்: 139 என்றால் சிக்னல் 11, 137 என்றால் 9, 134 என்றால் 6.

இனி எந்த வழியில் போவது என்பதை இந்த எண்தான் சொல்லும். 11 வந்தால் தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டிருக்கிறது. 6 வந்தால் நிரலே, அல்லது அதற்குக் கீழே இருக்கும் சி லைப்ரரி, ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்து தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. 7 என்றால் மேப் செய்த கோப்பு காலடியில் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். 4 என்றால் இந்தச் சிபியுவுக்குத் தெரியாத கட்டளை. புதிய இயந்திரத்தில் அதற்கென்றே கம்பைல் செய்த நிரலைப் பழைய இயந்திரத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி ஆகும். இந்த நான்கிலும் கோர் எடுக்கலாம். 9-இலும் 15-இலும் கோர் விழாது. அதற்காகக் காத்திருப்பது வீண்.

சிக்னல் என்று எங்கேயுமே இல்லையா? அப்படியானால் அது கிராஷே இல்லை. அப்பாச்சி "மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ்" எல்லையைத் தொட்டுவிட்டதாக லாகில் ஒரு வரி எழுதியிருக்கும், அல்லது ப்ராசஸ்கள் எதற்காகவோ காத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். நேராக, தொங்குவதைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: சிக்னல் 9, லாகில் வேறு எதுவும் இல்லை

டிமெசேஜ் கட்டளையிலோ, ஜர்னல்சிடிஎல்லைக் கர்னல் செய்திகளுக்கு மட்டும் வைத்தோ "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் கொன்றது கர்னலின் ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீரும்போது ஒரு ப்ராசஸைக் கொன்று இடம் பண்ணும் பகுதி. "மெமரி சிகுரூப்" என்று தொடங்கினால் இயந்திரத்தில் நினைவகம் மிச்சம் இருந்திருக்கலாம். கன்டெய்னருக்கோ சர்வீஸுக்கோ வைத்த வரம்புதான் முடிந்திருக்கிறது.

அடுத்தது வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு எஃப்பிஎம் சைல்ட் 90 எம்பி பிடிக்கிறது, அதிகபட்சம் 150 சைல்ட் என்று வைத்திருக்கிறீர்கள் என்றால் 13.5 ஜிபி வேண்டும். இயந்திரத்தில் இருப்பது 8 ஜிபி. கூட்டம் வராத நாளெல்லாம் இது தெரியாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பவரைத்தான் பிடிக்கும். அதனால் தவறு பிஎச்பி பக்கம் இருக்க, பலியாவது டேட்டாபேஸாக இருக்கும்.

சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில், 243-ஆம் பதிப்பு முதல் ஓஓஎம்பாலிசி என்று ஒன்று வந்திருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு "ஸ்டாப்". அதாவது ஒரே ஒரு சைல்டைக் கர்னல் கொன்றாலும் சிஸ்டம்டி முழு சர்வீஸையும் நிறுத்திவிடும். "ஒரு சைல்ட் போனதுக்கு மொத்த அப்பாச்சியும் ஏன் போச்சு" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில். சர்வீஸ் கோப்பில் அதை "கன்டினியூ" என்று மாற்றிக்கொள்ளலாம்.

சிக்னல் 15 வந்தால் எஃப்பிஎம்மின் "ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட்" மதிப்பைப் பாருங்கள். ரிக்வெஸ்ட் நேரம் கடந்ததால் மாஸ்டரே சைல்டை நிறுத்தியிருக்கும்.

அறிகுறி: பயனருக்கு 502, ஆனால் என்ஜின்எக்ஸ் நன்றாக ஓடுகிறது

என்ஜின்எக்ஸ் வொர்க்கரே விழுந்தால் பயனருக்கு 502 (பின்னால் இருப்பவரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வராது. இணைப்பு அப்படியே அறுந்துபோகும். 502 வருகிறது என்றால் என்ஜின்எக்ஸ் உயிரோடு இருந்து பதில் சொல்கிறது, பின்னால் இருப்பவர்தான் விழுந்திருக்கிறார். எரர் லாகில் "ரிசீவ் ஃபெயில்டு (104: கனெக்ஷன் ரீசெட் பை பியர்)" அல்லது "அப்ஸ்ட்ரீம் பிரிமெச்சூர்லி க்ளோஸ்டு கனெக்ஷன்" இருக்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு எஃப்பிஎம் லாகில் அதே நொடியைத் தேடுங்கள். சிக்னல் 11 அங்கேதான் கிடக்கும். இதைக் கவனிக்காமல் என்ஜின்எக்ஸுக்குக் கோர் அமைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

பிஎச்பியில் இப்படி விழுவதற்கு ஒரு பழைய காரணத்தை முதலிலேயே சந்தேகப்படலாம்: முடிவில்லாமல் தன்னையே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன். 8.3-க்கு முந்தைய பதிப்புகளில் இதற்குத் தனிப் பிழைச்செய்தி கிடையாது; ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) தீர்ந்து செக்ஃபால்ட், அதாவது சிக்னல் 11, ஆகும். 8.3 முதல் ஸ்டாக் அளவுக்கு வரம்பு வந்திருப்பதால் முறையான பிழையாகவே சொல்லிவிடுகிறது.

அறிகுறி: சிக்னல் 11 வருகிறது, கோர் மட்டும் வரவில்லை

நேரம் விழுங்குவது இந்த இடம்தான். உண்மையான கிராஷுக்காகக் காத்திருக்காதீர்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரு சைல்ட் ப்ராசஸுக்கு நீங்களே "கில்" கட்டளையால் செக்வி சிக்னலை (அதாவது 11) அனுப்புங்கள். மாஸ்டருக்கு அனுப்பிவிடாதீர்கள். கோர் விழுந்தால் அமைப்பு சரி. விழாவிட்டால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். அப்பாச்சியில் ஈவென்ட் எம்பிஎம் (ரிக்வெஸ்ட்களைச் சைல்ட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைகளில் ஒன்று) என்றால் ஒரு சைல்டுக்குள் இயல்பாக 25 த்ரெட் ஓடும். அந்தச் சைல்டின் இணைப்புகள் அத்தனையும் அறுபடும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் கேள்வி: கோர் எங்கே போகிறது? "/ப்ராக்/சிஸ்/கர்னல்/கோர்_பேட்டர்ன்" கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் எழுத்து பைப் குறி என்றால் கர்னல் கோரைக் கோப்பாக எழுதாது, அந்த நிரலிடம் கொடுத்துவிடும். அப்புறம் நீங்கள் அப்பாச்சியின் கோர்டம்ப்டைரக்டரி அமைப்பில் எந்தக் கோப்புறையைக் கொடுத்தாலும் அங்கே ஒன்றும் வராது.

நிரல் சிஸ்டம்டி-கோர்டம்ப் என்றால் "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" அடியுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் கோர் போன வாரமே அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். பட்டியலில் கோர்ஃபைல் என்ற பத்தியைக் கவனியுங்கள். "பிரசென்ட்" என்றால் இருக்கிறது. "மிஸ்ஸிங்" என்றால் விழுந்தது, பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. பழைய கோர்களை சிஸ்டம்டி தானாகவே அழித்துவிடும். "ட்ரங்கேட்டட்" என்றால் அளவு வரம்பை மீறியதால் பாதியில் வெட்டிவிட்டது. அந்த வரம்புகள் "/எட்சி/சிஸ்டம்டி/கோர்டம்ப்.கான்ஃப்" கோப்பில் ப்ராசஸ்சைஸ்மேக்ஸ், எக்ஸ்டர்னல்சைஸ்மேக்ஸ் என்ற பெயர்களில் இருக்கின்றன. இரண்டையும் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் கூட்டினால் இன்னொன்று வெட்டும்.

உபுண்டுவில் அந்த இடத்தில் அப்போர்ட் இருக்கும். அதன் அறிக்கைகள் "/வார்/கிராஷ்" கோப்புறையில் விழும், "அப்போர்ட்-அன்பேக்" கட்டளையால் பிரித்துக் கோரை வெளியே எடுக்கலாம். ஆனால் டிஸ்ட்ரோ பேக்கேஜிலிருந்து வராத நிரல்களை, அதாவது நீங்களே கம்பைல் செய்த அப்பாச்சியை, அது கண்டுகொள்ளாது. ஏன் தள்ளிவிட்டது என்று "/வார்/லாக்/அப்போர்ட்.லாக்" கோப்பில் எழுதியிருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், நேராகக் கோப்பாகவே வரட்டும் என்றால் கோர்_பேட்டர்னில் முழுப் பாதையைக் கொடுங்கள்: "/வார்/கோர்ஸ்/" என்று ஒரு கோப்புறை, அதோடு சதவீதக் குறி போட்ட இ, பி, டி மூன்றும். நிரலின் பெயர், ப்ராசஸ் எண், நேரம் என்று கோப்பின் பெயரிலேயே வந்துவிடும். இல்லாவிட்டால் எல்லாம் "கோர்" என்ற ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படும் நிலை வரலாம். அவசரத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான்.

இரண்டாவது: அளவு வரம்பு. ஷெல்லில் "யூலிமிட்" போட்டுவிட்டு சிஸ்டம்டி வழியாக ரீஸ்டார்ட் செய்தால் அது சர்வீஸுக்குப் போய்ச் சேராது. "லிமிட்ஸ்.கான்ஃப்" கோப்பும் அப்படித்தான், அது லாகின் செய்பவர்களுக்கானது. "சிஸ்டம்சிடிஎல் எடிட்" கொடுத்து சர்வீஸ் பகுதியில் லிமிட்கோர் மதிப்பை "இன்ஃபினிட்டி" ஆக்குங்கள், பிறகு சர்வீஸை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீலோட் போதாது. என்ஜின்எக்ஸில் "வொர்க்கர்_ஆர்லிமிட்_கோர்", எஃப்பிஎம் பூல் கோப்பில் "ஆர்லிமிட்_கோர்" என்று தனியாகவும் வைக்கலாம். வைத்தது ஏறியதா என்பதை ஊகிக்காதீர்கள்: "/ப்ராக்" கோப்புறைக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் "லிமிட்ஸ்" கோப்பைத் திறந்தால் "மேக்ஸ் கோர் ஃபைல் சைஸ்" என்ற வரி உண்மையைச் சொல்லிவிடும்.

மூன்றாவதுதான் பலரை மாட்டிவிடுவது. வெப் சர்வர் ரூட்டாகத் தொடங்கி, பிறகு www-data போன்ற சாதாரணப் பயனராக மாறுகிறது. இப்படி அடையாளம் மாறிய ப்ராசஸின் நினைவகத்தில் ரூட் காலத்து ரகசியங்கள் இருக்கலாம் என்பதால் கர்னல் அதற்குக் கோர் எழுத மறுத்துவிடும். சர்வரே "எனக்கு எழுதலாம்" என்று கர்னலிடம் மறுபடி சொல்ல வேண்டும். என்ஜின்எக்ஸ் அதைத் தானாகச் சொல்லிவிடுகிறது. அப்பாச்சி, கோர்டம்ப்டைரக்டரி என்ற அமைப்பைக் கான்ஃபிக்கில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே சொல்லும். ஆகவே கோர்_பேட்டர்னில் முழுப் பாதை கொடுத்திருந்தாலும், அப்பாச்சியில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கோர் வராமல் போகலாம். பாதைக்காக இல்லாவிட்டாலும் அனுமதிக்காக அது தேவை.

எஃப்பிஎம்மும் முன்பு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018-இல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டது. இப்போது பூல் கோப்பில் "ப்ராசஸ்.டம்பபிள்" மதிப்பை "யெஸ்" ஆக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், ஒரே இயந்திரத்தில் பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஓடினால் கட்டாயமாக. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம் என்றால் கர்னலின் "எஃப்எஸ்.எஸ்யூஐடி_டம்பபிள்" மதிப்பை 2 ஆக்கலாம். அப்போது கோர் ரூட் மட்டும் படிக்கும்படி விழும். ஆனால் கோர்_பேட்டர்ன் முழுப் பாதையாகவோ பைப்பாகவோ இருக்க வேண்டும்.

நான்காவது: எழுத இடம். கோப்புறைக்கு அந்தப் பயனர் உரிமையாளராக இருக்கிறாரா, செலினக்ஸ் பாதுகாப்பு தடுக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் வழக்கமானவை. வழக்கமில்லாதது ஒன்று: எரர் லாகில் "பாசிபிள் கோர்டம்ப் இன் /டெம்ப்" என்று அப்பாச்சி சொல்கிறது, அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அப்பாச்சி பொய் சொல்லவில்லை. சர்வீஸ் கோப்பில் பிரைவேட்டெம்ப் இயக்கத்தில் இருந்தால் சர்வீஸுக்குத் தெரியும் டெம்ப் வேறு, உங்களுக்குத் தெரியும் டெம்ப் வேறு. உங்கள் டெம்ப்புக்குள் "சிஸ்டம்டி-பிரைவேட்" என்று தொடங்கும் நீளமான பெயருடைய கோப்புறையில் அது இருக்கும். சர்வீஸை நிறுத்தினால் அந்தக் கோப்புறையும் கோரோடு சேர்ந்து காணாமல் போகும். டெம்ப்பைத் தவிருங்கள்.

கன்டெய்னர் என்றால் இன்னும் ஒரு திருப்பம். கோர்_பேட்டர்ன் கன்டெய்னருக்கென்று தனியாகக் கிடையாது. ஹோஸ்ட் கர்னலுக்கு ஒன்றே ஒன்றுதான். பைப் என்றால் அந்த நிரல் ஹோஸ்டில் ஓடும், கோரும் ஹோஸ்டில் கிடக்கும். கோப்புப் பாதை என்றால் விழுந்த ப்ராசஸின் கண்ணுக்குத் தெரியும் கோப்பு அமைப்பில், அதாவது கன்டெய்னருக்குள், எழுதப்படும். கன்டெய்னர் உடனே மறுபடி உருவாக்கப்பட்டால் கோர் போச்சு. அந்தப் பாதையில் ஒரு வால்யூமை மவுன்ட் செய்துவிடுங்கள்.

அறிகுறி: கோர் வந்துவிட்டது, ஜிடிபி வெறும் கேள்விக்குறிகளைக் காட்டுகிறது

கோரைப் படிக்கும் டீபக்கரான ஜிடிபிக்கு எந்த நிரல் விழுந்தது என்பதையும் கோரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிஸ்டம்டி என்றால் "கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி" என்று ப்ராசஸ் எண்ணோடு கொடுத்தால் போதும். கேள்விக்குறி வரிகள் வந்தால் முதல் சந்தேகம், டீபக் சிம்பல்கள் (நினைவக முகவரியை ஃபங்ஷன் பெயரோடு பொருத்தும் தகவல்) நிறுவப்படவில்லை என்பது. ரெட்ஹேட் வகையில் "டீபக்இன்ஃபோ-இன்ஸ்டால்", டெபியன் வகையில் "டிபிஜிசிம்" என்று முடியும் பேக்கேஜ்கள். ஜிடிபி 10-க்கு மேல் இருந்தால் டீபக்இன்ஃபோடி சர்வரிடமிருந்து தானே இறக்கிக்கொள்ளச் சொல்லலாம்.

சிம்பல் இருந்தும் குழப்பமாக வந்தால் "கோர் ஃபைல் மே நாட் மேட்ச்" என்ற எச்சரிக்கை வந்ததா பாருங்கள். இரவில் தானியங்கி அப்டேட் ஓடி லைப்ரரி மாறியிருக்கும், கோரோ பழைய லைப்ரரியோடு விழுந்தது. பழைய பேக்கேஜை எடுத்து வைத்துத்தான் படிக்க வேண்டும். "கோர் இஸ் ட்ரங்கேட்டட்" என்று வந்தால் மேலே சொன்ன அளவு வரம்புக்குத் திரும்பிப் போங்கள்.

சரி, எல்லாம் பொருந்தியது. "பிடி" அடித்ததும் வரும் பேக்ட்ரேஸை (விழுந்த நேரத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற பட்டியலை) படிக்க ஒரு காட்சி. ஓர் அலுவலகத்துக்கென்று எழுதிய அனுமதி சரிபார்க்கும் அப்பாச்சி மாட்யூல் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வரிகள் இப்படி:

0: ஸ்ட்ர்கேஸ்கம்ப் (சி லைப்ரரி)
1: செக்_கிளையன்ட் (நம் மாட்யூல், வரி 88)
2: ஏபி_ரன்_ஆக்சஸ்_செக்கர்
3: ஏபி_ப்ராசஸ்_ரிக்வெஸ்ட்_இன்டர்னல்
4: ஏபி_ப்ராசஸ்_அசிங்க்_ரிக்வெஸ்ட்

விழுந்தது சி லைப்ரரிக்குள் என்பதால் லைப்ரரியில் பிழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கொடுக்கப்பட்ட பொருள் தப்பு. மேலிருந்து இறங்கி வரும்போது முதலில் தென்படும் நம் சொந்தக் கோடு எதுவோ, அங்கே நில்லுங்கள். "ஃப்ரேம் 1" கொடுத்து உள்ளே போய், ரிக்வெஸ்ட் ஸ்ட்ரக்சரான "ஆர்" மாறியின் "தி_ரிக்வெஸ்ட்" புலத்தை பிரின்ட் செய்தால் எந்த யூஆர்எல் வந்தபோது விழுந்தது என்று தெரியும். இங்கே அது லோட் பேலன்சரின் (ரிக்வெஸ்ட்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது) நலம் விசாரிப்பு ரிக்வெஸ்ட். வரி 88, யூசர்-ஏஜென்ட் ஹெடரை எடுத்து ஒரு பெயரோடு ஒப்பிடுகிறது. லோட் பேலன்சர் அந்த ஹெடரை அனுப்புவதே இல்லை. ஹெடர் இல்லாதபோது அப்பாச்சி நல் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) கொடுக்கும், அந்த நல்லை அப்படியே ஒப்பிடக் கொடுத்திருக்கிறார்கள். பிரவுசரில் எத்தனை முறை சோதித்தாலும் இது விழாது, ஏனென்றால் பிரவுசர் அந்த ஹெடரை எப்போதும் அனுப்பும்.

பிஎச்பி என்றால் ஜிடிபி காட்டும் ஃப்ரேம்கள் எல்லாம் ஜென்ட் எஞ்சினின் உள்ளுறுப்புகளாகவே இருக்கும். பிஎச்பி மூலக்கோடோடு வரும் ".ஜிடிபிஇனிட்" கோப்பை ஏற்றி "இசட்பேக்ட்ரேஸ்" கொடுங்கள். பிஎச்பி கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். ஒரே ஃபங்ஷன் ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களில் திரும்பத்திரும்ப வந்தால், மேலே சொன்ன முடிவில்லா அழைப்புதான்.

த்ரெட் உள்ள சர்வர் என்றால் "த்ரெட் அப்ளை ஆல் பிடி" எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விழுந்த த்ரெட்டைப் போலவே, பக்கத்து த்ரெட் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் பல நேரம் முக்கியம்.

கோர் கிடைக்கவே வாய்ப்பில்லை என்றால் கர்னல் லாகில் வரும் ஒற்றை வரியே கொஞ்சம் பேசும். "செக்ஃபால்ட் அட் 0" என்றால் நல் பாயின்டர். "அட் 18", "அட் 28" போன்ற சிறிய எண் என்றால் நல்லாக இருந்த ஸ்ட்ரக்சருக்குள் ஒரு புலத்தைத் தொட்டிருக்கிறது. அதே வரியில் "எரர் 4" என்றால் படிக்கப் போய் விழுந்தது, "எரர் 6" என்றால் எழுதப் போய் விழுந்தது. அதே வரியில் லைப்ரரியின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே லைப்ரரி என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அறிகுறி: சிக்னல் 6, அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது

எரர் லாகில் "டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்", "ஃப்ரீ(): இன்வேலிட் பாயின்டர்" என்று வந்தால் ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) கெட்டிருக்கிறது. கோர் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். கெடுத்தவர் எப்போதோ கெடுத்துவிட்டுப் போயிருப்பார், அதன்மேல் கால் வைத்தவர்தான் பேக்ட்ரேஸில் தெரிவார். ஆகவே ஒரே கோரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சில கோர்களைச் சேர்த்து எல்லாவற்றிலும் பொதுவாக ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பாருங்கள், புதிதாகச் சேர்த்ததை முதலில் நீக்கிப் பாருங்கள். பிறகு டெஸ்ட் இயந்திரத்தில் அப்பாச்சியை ஹைஃபன் போட்ட பெரிய எக்ஸ் கொடுத்து ஒற்றை ப்ராசஸாக, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்க்ரைன்டுக்குள் ஓட்டுங்கள். பிஎச்பி உள்ளே இருந்தால் "யூஸ்_ஜென்ட்_அல்லாக்" சூழல் மாறியை 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிஎச்பி தன் சொந்த நினைவக மேலாளரைப் பயன்படுத்தும், வால்க்ரைன்டின் கண்ணில் பல பிழைகள் படாது.

த்ரெட் எம்பிஎம்மில், த்ரெட்டுக்குப் பாதுகாப்பில்லாத எக்ஸ்டென்ஷனை ஏற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான்: கூட்டம் இருந்தால் மட்டும் விழும், தனியாகச் சோதித்தால் விழாது. த்ரெட் இல்லாத ப்ரீஃபோர்க் எம்பிஎம்முக்கு மாற்றி ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

அல்பைன் லினக்ஸ் கன்டெய்னர் இமேஜில் மட்டும் விழுகிறது, டெபியனில் விழவில்லை என்றால் த்ரெட் ஸ்டாக்கைப் பாருங்கள். அல்பைனின் மஸ்ல் லைப்ரரி ஒரு த்ரெட்டுக்கு இயல்பாக 128 கேபி மட்டுமே தரும். அப்பாச்சியில் த்ரெட்ஸ்டாக்சைஸ் அமைப்பால் கூட்டலாம்.

அறிகுறி: சிக்னல் 7, அல்லது கோப்பு மாற்றும்போது விழுகிறது

தளத்தின் கோப்புகள் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் வட்டில்) இருக்கின்றனவா? அப்பாச்சி ஒரு கோப்பை நினைவகத்தில் மேப் செய்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாராவது அதை அழித்தாலோ சுருக்கினாலோ விழும். "எனேபிள்எம்மேப் ஆஃப்" ஒரு வரி போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூலின் எஸ்ஓ கோப்பின் மேலேயே "சிபி" கட்டளையால் புதியதைப் போடுவதும் இதே வகைதான். பழைய கோப்பின் உள்ளே புதிய பைட்டுகள் வந்துவிடும், ப்ராசஸ் அடுத்த அடியில் எங்கேயாவது விழும். புதியதை வேறு பெயரில், அதே வட்டுப் பகிர்வில் வைத்து "எம்வி" செய்யுங்கள். ஓடுகிற ப்ராசஸ் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: தினமும் ஒரே நேரத்தில் விழுகிறது

மணி என்ன? பழைய டெபியன், உபுண்டு இயந்திரங்களில் காலை 6:25 என்றால் க்ரானின் தினசரி வேலைகள். புதியவற்றில் நள்ளிரவு என்றால் லாக்ரொட்டேட் டைமர். லாக் சுழன்றதும் அப்பாச்சிக்கு ரீலோட் போகிறது; ரீலோட் என்றால் மாட்யூல்கள் எல்லாம் இறக்கப்பட்டு மறுபடி ஏற்றப்படும். இறங்கும்போது சுத்தம் செய்யாத மாட்யூல் அங்கே மாட்டும். "செக் ஃபால்ட் ஆர் சிமிலர் நாஸ்டி எரர் டிடெக்டட் இன் தி பேரன்ட் ப்ராசஸ்" என்று லாகில் வந்தால் விழுந்தது சைல்ட் இல்லை, மாஸ்டரே. கையால் கிரேஸ்ஃபுல் ரீலோட் கொடுத்துப் பாருங்கள், உடனே விழுந்தால் நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. மாட்யூல் சரியாகும் வரை லாக்ரொட்டேட்டில் ரீலோடுக்குப் பதில் ரீஸ்டார்ட் வைத்து ஓட்டலாம்.

அறிகுறி: எந்த ரிக்வெஸ்ட் கொல்கிறது என்று தெரியவில்லை

ஆக்சஸ் லாகில் தேடாதீர்கள். ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான் அதில் வரி எழுதப்படும். கொன்ற ரிக்வெஸ்ட் முடியவே இல்லை. அப்பாச்சியின் மாட்_லாக்_ஃபாரன்சிக் இதற்கென்றே இருக்கிறது. ரிக்வெஸ்ட் தொடங்கும்போது கூட்டல் குறியோடு ஹெடர்கள் உட்பட ஒரு வரி, முடியும்போது கழித்தல் குறியோடு ஒரு வரி. கூட்டல் இருந்து கழித்தல் இல்லாதவைதான் குற்றவாளிகள். கூடவே வரும் "செக்_ஃபாரன்சிக்" ஸ்கிரிப்ட் அவற்றைப் பிரித்துக் கொடுக்கும். குக்கீயும் ஆத்தரைசேஷன் ஹெடரும் அப்படியே பதிவாகும் என்பதால் நிரந்தரமாக ஓடவிடக் கூடாது.

அறிகுறி: விழவில்லை, தொங்குகிறது

ரீஸ்டார்ட் செய்யும் முன் "ஜிகோர்" கட்டளையை ப்ராசஸ் எண்ணோடு கொடுங்கள். ப்ராசஸைக் கொல்லாமலேயே கோர் எடுத்துத் தரும். எழுதி முடிக்கும் வரை மட்டும் அது உறைந்து நிற்கும். சில நொடி இடைவெளி விட்டு இரண்டு எடுத்தால் இன்னும் நல்லது: இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் எதற்கோ காத்திருக்கிறது, இடம் மாறியிருந்தால் சுழன்றுகொண்டிருக்கிறது. அப்புறம் தாராளமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கோரை வைத்திருப்பதும் அனுப்புவதும்

கோருக்குள் டிஎல்எஸ் பிரைவேட் கீ, டேட்டாபேஸ் கடவுச்சொல், அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களின் செஷன், அவர்கள் ஃபார்மில் நிரப்பியது எல்லாம் அப்படியே இருக்கும். வெப்பில் திறக்கும் கோப்புறைக்குள் கோர் விழும்படி வைத்தால் அதை யாரும் பிரவுசரிலேயே இறக்கிக்கொள்ளலாம். கோப்புறைக்கு 700 அனுமதி போதும். மாட்யூல் எழுதியவர்களுக்குக் கோரை அனுப்பாதீர்கள். எல்லா த்ரெட்டின் பேக்ட்ரேஸ், சர்வர் பதிப்பு, ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியல், கர்னல் லாகின் அந்த ஒற்றை வரி இவை போதும். பேக்ட்ரேஸையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், ஃபங்ஷனுக்குப் போன ஆர்க்யுமென்ட்களில் கடவுச்சொல் எட்டிப்பார்க்கும்.

பிஎச்பியின் ஓப்கேஷ் (கம்பைல் ஆன கோடைப் பகிர்வு நினைவகத்தில் வைத்திருப்பது) பெரிதாக இருந்தால் ஒவ்வொரு கோரும் அந்தப் பகிர்வு நினைவகத்தையும் சுமந்து வரும். ப்ராசஸின் "கோர்டம்ப்_ஃபில்டர்" மதிப்பு ஹெக்ஸில் 33 என்று இருக்கும், 31 ஆக்கினால் பெயரில்லாத பகிர்வு நினைவகம் கோரில் வராது. ஆனால் பிஎச்பியின் கம்பைல் ஆன கோடு அங்கேதான் இருக்கிறது, அது இல்லாமல் இசட்பேக்ட்ரேஸ் தடுமாறும். வட்டில் இடம் இருந்தால் இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

காரணம் பிடிபட்டதும் லிமிட்கோர், ப்ராசஸ்.டம்பபிள், கோர்டம்ப்டைரக்டரி மூன்றையும் திரும்ப எடுத்து, கோர்_பேட்டர்னைப் பழையபடி வைத்து, விழுந்த கோர்களை அழித்துவிடுங்கள். மணிக்கு நாலு முறை விழும் சர்வர், 2 ஜிபி கோர்களை எழுதிக்கொண்டே போனால் ஒரே இரவில் வட்டை நிரப்பிவிடும். அப்புறம் நிற்பது வெப் சர்வரோடு போகாது, டேட்டாபேஸும் சேர்ந்து நிற்கும்.